பூஜ்யமும் எட்டும்

ஹெய்லபேக்கே ஊர்ப் பங்குக் கோயில் வாராவாரம் அச்சடித்துக் கொடுக்கும் தாளை ஓடில் வெர்மாசன் ஒழுங்காகப் படிப்பவர் அல்ல. யார் செத்தார்கள் என்று பார்ப்பார், அடுத்த புறாப் பந்தயம் என்றைக்கு என்று பார்ப்பார், அதோடு சரி. மிச்சத்தின் மேல் வெங்காயம் உரிபடும். 1983 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, செத்தவர்களுக்கும் புறாக்களுக்கும் நடுவில் இருந்த நாலு வரி அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது. தெவெய்ர்ட் பீர் ஆலைக்கு வருகிற ஜூலை பதினொன்றாம் தேதி இருநூற்று எழுபத்தைந்து வயது நிறைகிறது. அதன் வரலாற்றை எழுத கென்ட் நகரிலிருந்து ஓர் ஆசிரியை வருகிறார். ஆலையின் பழைய புகைப்படமோ தபால் அட்டையோ வைத்திருப்பவர்கள் அவரிடம் கொண்டுவந்து காட்டவும்.

வாயிலிருந்த ரொட்டி அப்படியே நின்றுவிட்டது.

"என்ன, தெரிஞ்சவங்க யாராவது செத்துட்டாங்களா?" காப்பி ஊற்றிக்கொண்டிருந்த மனைவி சுல்மா கேட்டாள்.

"இல்ல."

"பின்ன ஏன் மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?"

"ரொட்டி தொண்டையில நிக்குது."

"மெதுவாத் தின்னு. உன் ரொட்டிய இங்க யாரும் புடுங்க வரல."

சுல்மாவுக்கு அதற்கு மேல் அவரைக் குடைய நேரம் இல்லை. அவள் வாளியை எடுத்துக்கொண்டு புறாக் கூண்டுப் பக்கம் போய்விட்டாள். ஓடில் அந்த நாலு வரியை மறுபடி படித்தார்.

ஆலையின் வயது இருநூற்று எழுபத்தைந்து அல்ல. அது ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆள் ஓடில். தெரிந்ததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தப்பைச் செய்ததும் அவர்தான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் உத்திரத்தைச் சுவரோடு இழுத்துப் பிடிக்க வெளிப்பக்கம் இரும்பு வைப்பார்கள். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் அந்த இரும்பையே எண்களாக அடித்து, கட்டிய ஆண்டைச் சுவரிலேயே எழுதிவிடுவார்கள். ஆலையில் ஆற்றைப் பார்த்த பக்கவாட்டுச் சுவரில் அப்படி நான்கு எண்கள் இருந்தன. 1940 மே மாதம் ஸ்கெல்டே ஆற்றங்கரையில் குண்டுகள் விழுந்தபோது அந்தச் சுவரின் வலது பாதி சரிந்தது. பின்னாலிருந்த முதலாளி வீடும் எரிந்தது. போர் முடிந்து, செங்கல்லும் சுண்ணாம்பும் கைக்குக் கிடைத்து, சுவரைக் கட்ட 1946 ஆகிவிட்டது. கட்ட வந்தவர் ஓடில். இருபத்திரண்டு வயது, ஆற்றுக்கு அக்கரைக்காரர், கொத்தனார். ஒன்றும் ஏழும் நின்ற பாதியில் அப்படியே இருந்தன. பூஜ்யத்தையும் எட்டையும் அவர் இடிபாட்டுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, துருவைச் சுரண்டி, புல்லில் கிடத்தினார்.

சாரத்தில் ஏறுவதற்கு முன் பெரிய முதலாளி அக்கீலிடம் போய்க் கேட்டார். "முதலாளி, இது ரெண்டும் எப்படி இருந்துச்சு?"

அக்கீல் தலையைத் திருப்பவே இல்லை. போருக்குப் பிறகு அந்த மனிதர் எதையும் நிமிர்ந்து பார்ப்பதை விட்டிருந்தார். "முன்ன இருந்த மாதிரியே வை," என்றார்.

முன்னே எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? சுவரோடு படரவிட்ட பேரி மரம் ஒன்று வருஷக்கணக்காக அந்த வலது பாதியை மூடியிருந்தது. ஊர்க்காரர்கள் பேரிக்காயைப் பார்த்தார்கள், அதற்குப் பின்னால் இருந்த இரும்பைப் பார்த்தவர் யாரும் இல்லை. மரமும் வீட்டோடு எரிந்துபோனது. ஓடில் வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஔடனார்டே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எவனும் கேட்டிருக்க மாட்டான். ஆயிரத்து எழுநூற்றி என்று யாராவது ஆரம்பித்தால் எங்கள் வாய் எட்டு என்று தானாக முடித்துவிடும். 1708 ஜூலை பதினொன்று, பிரெஞ்சுப் படை ஔடனார்டே வாசலில் வகையாக அடி வாங்கிய நாள். வாத்தியார்கள் பிரம்பை வைத்துக்கொண்டு அந்த ஒரு ஆண்டைத்தான் எங்கள் மண்டையில் ஏற்றினார்கள். அந்த நூற்றாண்டில் மிச்சத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகளில் எதுவும் நடந்ததாக எங்களுக்குச் சொல்லப்படவில்லை. சுவரில் ஒன்று, ஏழு; கையில் ஒரு பூஜ்யம், ஒரு எட்டு. யோசிக்க என்ன இருக்கிறது? பூஜ்யத்தை முதலில் மாட்டினார், எட்டை அடுத்து மாட்டினார், காரையைப் பூசிவிட்டு இறங்கினார்.

நாலு வருஷம் கழித்து வேறொரு சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஏணி ஏறும் பிழைப்பு அதோடு போயிற்று. அதற்குள் அக்கீல் இறந்து, மகன் காஸ்பார் முதலாளியாகியிருந்தார். ஓடிலைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். தடியூன்றி வேலை கேட்டு வந்தவரைப் பார்த்து, "எங்க சுவரைக் கட்டின கை எங்க பாட்டிலுக்குக் காகிதம் ஒட்டாதா என்ன, வா," என்றார். ஓடில் லேபிள் மிஷினுக்கு வந்தார். வந்தவர் வந்தவர்தான். முப்பத்துமூன்று வருஷமாக அந்த மிஷினை விட்டு நகரவில்லை. பாட்டில்கள் கலகலவென்று வரும், காகிதம் பசையோடு போய் ஒட்டிக்கொள்ளும், ஓடில் கோணலானதைப் பொறுக்கி எடுத்துக் கழுவப் போடுவார். நல்ல வேலை. முதலாளியும் நல்ல முதலாளி. பேச்சில் காரம் இருக்கும், மனசில் இருக்காது.

ஆரம்பத்தில் லேபிளில் ஆலையின் பெயர் மட்டும்தான் இருந்தது. 1958இல் பிரஸ்ஸல்ஸில் உலகக் கண்காட்சி வந்ததும் ஆளாளுக்குத் தங்கள் பீருக்கு ஒரு பழைய ஆண்டைத் தேட ஆரம்பித்தார்கள். காஸ்பாருக்குத் தேடும் சிரமம் இருக்கவில்லை. ஒருநாள் புல்வெளியில் போய் நின்று சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் புது லேபிள் வந்தது: முரசடிக்கும் ஒரு சிப்பாய், கீழே பொன்னெழுத்தில் '1708 முதல்'. பீருக்கும் 'முரசுக்காரன்' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

"நம்ம பீர் பொறந்த வருஷத்தை இவ்வளவு நாளா சுவத்துலயே வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கோம்யா," என்றார் காஸ்பார். "நீ மாட்டின வருஷம், நீயே ஒட்டு."

ஓடிலுக்குப் பெருமை தாங்கவில்லை. அது மூன்று வருஷம் நீடித்தது. 1961இல் சுல்மாவின் சித்தி இறந்துபோக, அலமாரியைக் காலி செய்யப் போன இடத்தில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அந்தத் தபால் அட்டை கிடைத்தது. ஆலையின் ஆற்றுப் பக்கச் சுவர், வெயிலில் எடுத்த படம். பேரி மரம் ஆள் உயரம்கூட இல்லை. அதற்கு மேலே, சுவரில், வெட்ட வெளிச்சமாக ஒன்று, ஏழு, எட்டு, பூஜ்யம்.

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். 1780தான். அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், புறாப் பந்தயத்தில் வாங்கி முன்னறையில் மாட்டியிருந்த சான்றிதழின் சட்டத்தைக் கழற்றி, பின்னால் வைத்து மூடினார். எரித்திருக்கலாம். இரண்டு தடவை அடுப்பு வரை கொண்டுபோனார். இடித்தால் கட்டத் தெரியும், எரித்தால் என்ன செய்வது என்று கை பின்வாங்கிவிட்டது. கொத்தனார் புத்தி.

அதன் பிறகு மனிதருக்கு நிம்மதி என்பது இல்லை. மணிக்கு நாலாயிரம் பாட்டில், ஒவ்வொன்றிலும் ஒரு 1708, ஒவ்வொன்றும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆற்றங்கரையில் நடக்க வந்தவன் எவனாவது சுவரைப் பார்த்து நின்றால் ஓடிலுக்கு இங்கே வியர்க்கும். ஊர் வேறு சும்மா இருக்கிறதா? கதை கட்டுவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. போர் நடந்த அன்று ஒரு முரசுக்காரப் பையன் தாகத்தில் சாகக் கிடந்தானாம், ஆலைக்காரர் பீர் கொடுத்துப் பிழைக்க வைத்தாராம். பத்து வருஷத்தில் அந்தப் பையன் இங்கேயே தங்கிக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டான். இன்னும் ஐந்து வருஷத்தில் காப்பிக்கடை பால்மீர், அவன் தன் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் என்று வாய் கூசாமல் சொல்லத் தொடங்கினாள். லாரியில் 1708, குடையில் 1708, கோப்பையில் 1708. ஓடில் மட்டும் கோப்பையின் எழுத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு குடிப்பார்.

அவர் பயந்தது வேலை போய்விடும் என்று அல்ல. ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. காஸ்பார் ஊர் சிரிக்க நிற்பார், அவரை அப்படி நிற்க வைத்தது, நொண்டி வந்தபோது அவர் வேலை கொடுத்துக் காப்பாற்றிய ஆளேதான் என்று ஊர் சொல்லும். அதுதான் அவரை அரித்தது.

மே மாதம் ஆசிரியை வந்து சேர்ந்தாள். பெயர் லுட்கார்ட், முப்பது வயதிருக்கும், சைக்கிளின் பின்னால் டேப் ரெக்கார்டரைக் கட்டியிருந்தாள். பால்மீர் கடையில் உட்கார்ந்து வருகிறவர்களையெல்லாம் பேச வைத்தாள். ஓய்வுபெற்ற தபால்காரர் சீரில், 1930லேயே சுவரில் 1708ஐத் தன் கண்ணால் பார்த்ததாக அடித்துச் சொன்னார். அந்த வருஷம் அங்கே பேரி இலையைத் தவிர வேறு எதையும் பார்த்திருக்க முடியாது. மூலையில் உட்கார்ந்திருந்த ஓடிலுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் அந்தப் பெண் கேட்டதை எழுதிக்கொண்டு போகிற ரகம் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நேராக லேபிள் அறைக்கே வந்துவிட்டாள்.

"ஐயா, ஆத்துப் பக்கச் சுவரைக் கட்டினது நீங்கதானாமே?"

"பாதிச் சுவர்."

"அந்த எண்களை மாட்டினதும் நீங்களா?"

"ஆமா. இல்ல, ரெண்டுதான். ரெண்டே ரெண்டு."

"எந்த ரெண்டு?"

"கடைசி ரெண்டு." ஓடில் ஒரு பாட்டிலை எடுத்துத் துணியால் துடைத்தார். "நல்ல காரை போட்டேன். இத்தனை மழைக்கும் ஒரு விரிசல் விடல பாருங்க."

"காரையப் பத்திக் கேக்கல ஐயா," என்று அவள் சிரித்தாள். "பழைய பத்திரங்கள்ல 1790க்கு முன்னால இந்த ஆலையோட பேச்சே காணோம். எங்க தேடினாலும் இல்ல. அதான் குழப்பமா இருக்கு. சுவர் இடியறதுக்கு முன்னால எடுத்த படம் ஒண்ணு கெடச்சா தீர்ந்துபோகும். கென்ட்ல ஒருத்தர் தபால் அட்டை சேக்கிறாரு, ஹெய்லபேக்கே ஆலைப் படம் இருக்குன்னு சொல்றாரு. வியாழக்கிழமை மத்தியானம் வரச் சொல்லியிருக்காரு."

"வியாழக்கிழமை," என்றார் ஓடில்.

"நாளைக் கழிச்சு."

அவள் போன பிறகு மிஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஓடில் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அறுநூறு பாட்டிலில் முரசுக்காரன் தலைகீழாக ஒட்டியிருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. காஸ்பார்தான் வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"என்னய்யா ஓடில், சிப்பாய் நம்ம சரக்கையே குடிச்சுட்டானா? காலை மேல தூக்கிக்கிட்டு நிக்கிறான்."

ஓடில் வாயைத் திறந்தார். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். "கழுவிடறேன் முதலாளி," என்றுதான் வந்தது.

மறுநாள் மாலை சுல்மா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து முன்னறையில் நாற்காலி போட்டு ஏறினார். சான்றிதழைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து ஆணியை நெம்பிக்கொண்டிருக்கும்போது அவள் பையோடு வாசலில் நின்றாள். பர்ஸை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"இடுப்பு ஒடிஞ்ச மனுஷனுக்கு நாற்காலி மேல என்ன வேலை? அது என்ன கையில?"

இருபத்திரண்டு வருஷத்தை அவர் அஞ்சு நிமிஷத்தில் சொல்லி முடித்தார். சுல்மா தொப்பியைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"இதுக்குத்தான் ராத்திரி ராத்திரி புரண்டு படுத்தியா? நான் உன் இடுப்பைப் பாக்குற நர்ஸு பொம்பளை மேல சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

"வெளையாடாத சுல்மா. எரிச்சுடவா?"

"எரிச்சா? கென்ட்காரன்கிட்ட இருக்கிறதையும் போய் எரிப்பியா?" அவள் அட்டையை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நாளைக்கு மத்தியானம் அந்தப் பொண்ணு வாயால முதலாளி கேக்கக் கூடாது. காலையிலயே போய் நீ சொல்லு. திட்டினா வாங்கிக்க. உனக்கு உறைக்கவா போகுது?"

வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஓடில் கொதிகலன் அறை வாசலில் நின்றார். அட்டை கோட்டுப் பையில் இருந்தது. வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்: மன்னிச்சுடுங்க முதலாளி, தெரியாமச் செஞ்சது, தெரிஞ்ச பிறகு சொல்லத் தைரியம் இல்ல. காஸ்பார் செப்புக் கொப்பரையின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் ஆவி.

"முதலாளி, அந்த வருஷம் தப்பு."

"எந்த வருஷம்?"

"லேபிள்ல இருக்கிறது. 1708 இல்ல, 1780. நாந்தான் மாத்தி மாட்டிட்டேன். படம் இருக்கு."

காஸ்பார் மூடியைச் சாத்தினார். அப்புறம் அந்த அறையே அதிரும்படி காஸ்பார் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அட கிறுக்கா. எழுபத்திரண்டு வயசு கொறைஞ்சு போச்சா நமக்கு? என் பொண்டாட்டி கேட்டா பொறாமைப்படுவா. எவ்வளவு நாளாத் தெரியும் உனக்கு?"

"அறுபத்தொண்ணுல இருந்து."

"அப்பல இருந்து பயந்துக்கிட்டா இருக்கே? ஒரு நம்பருக்கா? லேபிளை மாத்திக்குவோம், பால்மீரோட முப்பாட்டன்தான் பாவம், போர் முடிஞ்சு அத்தனை வருஷம் கழிச்சு வந்து சேர்றான். அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ ஒண்ணும் பேச வேணாம். எங்க, குடு."

ஓடிலுக்கு மூச்சு வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டார். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் என்று தன் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

காஸ்பார் அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "ஆமாய்யா, 1780," என்று இன்னொரு தடவை சிரித்தார். பிறகு அவர் பார்வை கீழே இறங்கியது. சிரிப்பு நின்றது.

எண்களுக்குக் கீழே ஒரு கதவு. கதவருகே ஏப்ரன் கட்டிய ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேராகப் பார்க்கிறாள். ஓடில் அவளைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. கதவோடு கதவாகப் பார்த்திருந்தார். அவர் கண் எப்போதும் மேலேயே நின்றுவிடும்.

"இது எங்கம்மா," என்றார் காஸ்பார்.

அவர் விரல் குழந்தையின் மேல் நகர்ந்தது.

"இடுப்புல இருக்கிறது நான். நாப்பதுல, ஜெர்மன்காரன் கையில சிக்கக் கூடாதுன்னு எங்களையெல்லாம் பிரான்ஸுக்கு அனுப்பினாங்களே, பதினெட்டு வயசுப் பசங்களை. ஆகஸ்ட்ல திரும்பி வந்தேன். வீடு இல்ல, அம்மா இல்ல, அம்மா படம்னு ஒண்ணு இல்ல. எல்லாம் வீட்டோட போச்சு. கல்லறையில அப்பா படம் பதிச்சிருக்கு, பக்கத்துல அம்மாவுக்குன்னு விட்ட வட்டம் சும்மாதான் இருக்கு. பாத்திருப்பியே."

ஓடில் பார்த்திருந்தார். நவம்பர் முதல் தேதி செத்தவர்களுக்குப் பூ வைக்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போவார்.

"அறுபத்திரெண்டுல வீடு வீடாப் போனேன்," என்றார் காஸ்பார். குரல் உயரவில்லை, அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "கல்யாணக் கூட்டத்துல ஒரு ஓரமா நின்னிருந்தாலும் போதும்னு கேட்டுக்கிட்டுப் போனேன். உன் வீட்டுக்கும் வந்தேன் ஓடில்."

வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய படம் என்று ஆரம்பித்ததுமே ஓடிலுக்கு உயிர் போய்விட்டது. எண்ணைப் பற்றித்தான் துப்புத் துலக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் முடிப்பதற்கு முன்னாலேயே, எங்ககிட்ட எந்தப் படமும் இல்ல முதலாளி என்று சொல்லிவிட்டார். யாருடைய படம் என்று கேட்கக்கூட இல்லை.

"அப்ப இது உன்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

காஸ்பார் தலையாட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஓடில் வாங்கிக்கொண்டிருப்பார், அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"முகம் எனக்கு மறந்தே போச்சு," என்றார் காஸ்பார், அட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அம்மான்னு நெனச்சா ஏதோ ஒரு முகம் வரும். அதுதான் அவங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், இத்தனை வருஷமா. அது இவங்க இல்ல."

ஓடில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் இன்னும் நாக்கில்தான் இருந்தன. அவை ஒரு எண்ணுக்காகச் சேர்த்து வைத்தவை.